ஈயம் அழும் ஓசை

ஜனவரி 8

காலையில் பனி. தொண்டை கரகரப்பு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.

இன்று அபயத்தின் ஈயச்சொம்பு போய்விட்டது. கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்தது. அதில்தான் இத்தனை வருஷமும் ரசம் வைத்தாள். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். வெறும் சொம்பை ஏற்றினால் உருகிவிடும். இந்த ஊர்ச் சமையலறைகளில் அது தெரியாத பெண் இல்லை. ஆனால் நாசிக்கிலிருந்து வசு போன் செய்திருக்கிறாள். மகள் பேச்சில் இவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

"ஏன்னா, இங்க வாங்கோளேன். சொம்பைக் காணோம்."

"காணோமா? எங்கே வெச்சே?"

"அடுப்புல வெச்சேன். இப்ப அடுப்பு மட்டுந்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஈயம் பர்னரைச் சுற்றி ஓடி, மேடையில் வழிந்து, நாக்குப் போல உறைந்திருந்தது. அதைப் பெயர்த்து எடுத்துத் துடைத்து வைத்தேன். பிறகு பார்த்தால் அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். "எனக்குப் புளி ஆகாதே, ரசம் உனக்கு மட்டும்தானே" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 9

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சரியா என்று தெரியவில்லை.

என் அலமாரியில் தரங்கம்பாடிச் சொம்பு இருக்கிறது. டேனிஷ்காரர்கள் இருந்த காலத்துப் பியூட்டர் தட்டுகளும் மூடி போட்ட குவளைகளும் அந்த ஊர் வீடுகளில் எப்போதாவது கிடைக்கும். பியூட்டர் என்பது வெள்ளீயத்தோடு வேறு உலோகம் கலந்தது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே ஒன்றிரண்டாகச் சேர்க்க ஆரம்பித்தேன். அபயம் அவற்றை "உங்க ஈயம்" என்பாள், "உங்க வேட்டி" என்பது போல. இந்தச் சொம்பு மட்டும் தட்டு வகையில் சேராது. பாத்திரம் வார்க்கும் நம்மூர்க் கன்னார் செய்த உருவம். வாய் அகலம், கனம் அதிகம். அடியில் தேய்ந்த முத்திரை, கிரீடமும் பாதி ரோஜாவும். முத்திரையோடு ஒரு சொம்பு வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. என் சேகரத்தில் பெருமைப்படத் தக்கது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அலமாரியில இருக்கறதை அடுப்புல வெக்கறதா?" என்றாள்.

"பாத்திரம்தானே."

"இத்தனை நாள் தொடவே விடமாட்டேளே!"

"இப்ப விடறேன்."

அவள் முகம் மாறியதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

வெள்ளீயமா என்று சோதிக்க வேண்டும் அல்லவா. நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளிருந்து கிறீச்சென்று மெல்லிய ஓசை வரும். ஈயம் அழுகிறது என்பார்கள். காரீயம் அழாது. முதலில் பழைய சொம்பு உருகிய நாக்கை எடுத்து லேசாக வளைத்தேன். "ஐயோ, அழறது பாருங்கோ!" என்று அபயம் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு தரங்கம்பாடிச் சொம்பின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தேன்.

"கேட்டுதா?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுது."

"நன்னாவா?"

"நன்னா அழுதுது."

எப்போதும் இப்படித்தான். லிட்மஸ் தாளின் நிறத்தைக்கூட நான் அவளிடம் காட்டிக் கேட்டுக்கொண்டவன். இரண்டு பேர் பார்த்தால் தவறு குறைவு.

நீரில் முக்கி அடர்த்தியும் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பார்த்திருக்கிறேன். இதற்கு ஏனோ விட்டுப்போயிருக்கிறது. தராசு பரண் மேல் இருக்கிறது. போகி கழியட்டும்.

ஜனவரி 10

புதுச் சொம்பில் முதல் ரசம். அபயம் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தித்திப்பா இருக்கு. நன்னா இருக்கு."

"வெல்லம் போட்டியா?"

"ரசத்துக்கு யார் வெல்லம் போடுவா? உங்க சொம்போட கைமணம்."

மிச்சத்தைச் சொம்பிலேயே மூடி வைத்தாள். மறுநாள் காலை பழைய ரசம் அவளுக்குப் பிடிக்கும்.

ஜனவரி 21

தட்டுகளைச் சுத்தம் செய்த நாள். ஆண்டுக்கு இரண்டு முறை. புளி கூடாது, எலுமிச்சை கூடாது, நார் கூடாது. வெதுவெதுப்பான நீர், சோப்பு, பழைய வேட்டித் துணி. மங்கலான இடத்துக்குச் சலித்த சுண்ணாம்புக்கட்டிப் பொடியை எண்ணெயில் குழைத்து, வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் துடைக்க வேண்டும். முட்டைக்கோஸ் இலையால் தேய்த்தால் பியூட்டர் பளபளக்கும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்து, கூடையிலிருந்து மேல் இலைகளை எடுத்தேன்.

"ஏன்னா, கூட்டுக்கு வெச்ச கோஸ் எங்கே?"

"மேல் இலை மட்டுந்தான்."

"நாளைக்குத் தட்டுக்குத் தாளிச்சுக் கொட்டறேன். சாப்பிட்டுக்கோங்கோ."

இலையால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை எனக்குத் தேய்க்கத் தெரியவில்லை.

இந்த வருஷம் காக்கைகள் குறைந்துவிட்டன. மாடியில் சாதம் வைத்தால் வருகின்றன, ஆனால் கரைவதில்லை. காதுக் கருவியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். விசில் அடிக்கிறது.

பிப்ரவரி 17

பரணில் ஏற நாற்காலி போட்டேன். அபயம் வந்து "இந்த வயசுல மரம் ஏறவா?" என்று இறக்கிவிட்டாள். தராசு இன்னொரு நாள்.

மார்ச் 4

அபயத்துக்கு வயிற்றைப் பிசைகிறது என்கிறாள். விளக்கெண்ணெய் கொடுத்தேன். வாயு என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

வயிறு இன்னும் சரியாகவில்லை. வெளிக்குப் போவது நாலு நாளுக்கு ஒருமுறை. நாக்கில் ஏதோ காசை வைத்தது போல ருசி என்கிறாள். அதனால் வேறு எதுவும் இறங்கவில்லை, ரசம் மட்டும்தான். கரைத்த சாதமும் ரசமும், காலையில் பழைய ரசம் ஒரு டம்ளர்.

டாக்டர் இன்பசேகரன் சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கிறது என்றார்.

வசு போனில் "அப்பா, அம்மா குரலே சரியில்லையே" என்றாள். எனக்கு எல்லோர் குரலும் போனில் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

காபி ஆற்றும்போது டவரா கையிலிருந்து நழுவிவிட்டது. அபயம் வலது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். கை தொங்கியது. தூக்கு என்றால் தூக்குகிறாள், மெதுவாக. "தூங்கும்போது மடிச்சுண்டிருப்பேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதலாம். கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

பாத்திரம் தேய்க்க வரும் செல்லக்கிளியை இனிக் காலையிலும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 15

நேற்று வருஷப்பிறப்பு. வேப்பம்பூ ரசமும் அதே சொம்பில்தான்.

இன்று சொம்பின் உட்புறத்தைத் துணியால் துடைத்தேன். புளி பட்டுப் பட்டு வெள்ளையாகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெளுத்துத்தான் இருக்கிறது. துணியில் கறுப்பாக வந்தது. பழைய பாத்திரங்களில் வருவதுதான். என் தட்டுகளிலும் வரும்.

என் தட்டுகளில் யாரும் சாப்பிடுவதில்லை.

ஏப்ரல் 27, வெள்ளி

இதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு கேட்டார். "இரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. கை வேற தொங்குது. வீட்ல பெயிண்ட் ஏதாவது சுரண்டினீங்களா? பக்கத்துல பழைய பேட்டரி உடைக்கிறாங்களா? நாட்டு மருந்து, செந்தூரம், அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்லியே டாக்டர்."

"இல்ல, ஈயம் உடம்புல சேர்ந்தாலும் இப்படி வரும். அதான் கேட்டேன்."

அபயம் சிரித்தாள். "ஈயமா? நான் தெனம் ஈயச்சொம்புலதானே ரசம் வெக்கறேன்!"

டாக்டரும் சிரித்துவிட்டார். "அம்மா, அதுவும் ஈயம்தான், இதுவும் ஈயம்தான். பேரு ஒண்ணு. உங்க சொம்பு வெள்ளீயம். நான் சொல்றது காரீயம். எங்க மாமியார் வீட்லயும் அதுலதான் ரசம். அது ஒண்ணும் பண்ணாது." பிறகு என்னைப் பார்த்தார். "கெமிஸ்ட்ரி சார் வீட்ல பார்க்காமயா வாங்கியிருப்பாங்க? என்ன சார்?"

"இவர் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுத்தார். நானும் பக்கத்துல இருந்தேன்" என்றாள் அபயம்.

"ஆமாம்" என்றேன்.

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அடுத்தவர் பெயரைச் சொல்லிவிட்டார். நரம்புக்கு மாத்திரை. ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

ஏப்ரல் 28

பரண் ஏறவில்லை.

மே 3

காரீயம் கலந்த பாத்திரத்தின் விளிம்பைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கோடு விழும். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். இன்று மதியம் அபயம் தூங்கும்போது செய்தேன். உருகிய நாக்கை இழுத்தேன். கோடு விழவில்லை என்றே சொல்ல வேண்டும். சொம்பை இழுத்தேன். விழுந்தது. அழுத்தி இழுத்திருப்பேன். மறுபடி மெதுவாக இழுத்தேன்.

காகிதம் சொரசொரப்பாக இருந்திருக்கலாம். ஒரு சோதனை போதாது.

ரசம் தித்திக்கிறது என்று அவள் சொன்னபோதே எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. புளிப்பில் காரீயம் கரைந்தால் உண்டாகும் தித்திப்பு உப்பின் பெயர். தேர்வுத்தாள்களில் எத்தனை முறை கேட்டிருப்பேன். அதை இங்கே எழுதவில்லை.

மே 4

சொம்பை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அபயத்திடம், அடியில் விரிசல் விட்டிருக்கிறது, ஒழுகி அடுப்பில் ஓடிவிடும் என்றேன். எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கச் சொன்னேன்.

"எங்கே விரிசல்? காட்டுங்கோ."

"மெலிசா இருக்கு. உன் கண்ணுக்குத் தெரியாது."

"என் கண்ணுக்கா?" என்று ஒரு மாதிரி பார்த்தாள். "குடுத்ததைத் திருப்பி வாங்கிண்டுட்டேள். போறது."

அவளுக்கு வருத்தம். நான் மனசு மாறி என் பொருளைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைக்கிறாள். நினைக்கட்டும். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாள். அது மட்டும் காரணம் இல்லை. நான் கொடுத்தது என்று சொல்ல வேண்டும்.

சாவியை வழக்கமான இடத்தில், சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மே 20

நேற்று அபயம் தானாகவே தலை பின்னிக்கொண்டாள். வயிற்றுவலி இரண்டு நாளாக இல்லை. எவர்சில்வர் ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறாள். பாதி டம்ளர்தான்.

இப்படியே சரியாகிவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 9

சாயங்காலங்களில் நூலகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். திரும்பி வரும்போது அபயம் வாசலில் நிற்கிறாள், முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு. நன்றாகச் சாப்பிட்டேன் என்கிறாள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஜூலை 2

அபயத்துக்கு மறுபடி மோசம். வலி, வாந்தி. தூக்கம் இல்லை. வசுவின் பெயருக்குப் பதிலாகத் தன் தங்கை பெயரைச் சொல்கிறாள்.

ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சொம்பை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. அப்படியும் அதிகமாகிறது என்றால் சொம்பு காரணமல்ல. இதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன். தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. வேறு ஏதோ வியாதி. அப்படியானால் நான் இல்லை.

இன்று மோர் சாதம் ருசியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 14, சனி

நூலகம் பூட்டியிருந்தது. அதனால் சீக்கிரம் திரும்பினேன்.

அடுப்பு மேடையில் தரங்கம்பாடிச் சொம்பு. ஆவி வந்துகொண்டிருந்தது. செல்லக்கிளி கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. அவளுக்கு அறுபது வயது இருக்கும்.

"இது எப்படி இங்கே வந்தது?"

"மாமிதான் சார் சாவி குடுத்து எடுக்கச் சொன்னாங்க."

"எப்போதிலிருந்து?"

"அது ஆச்சே, வைகாசி பாதியிலதான் இருக்கும். எவர்சில்வர் ரசம் எறங்கலைன்னாங்க. நீங்க சாயந்தரம் வெளிய போனதும் வெப்போம். மாமி குடிச்சிட்டு, காலைக்குக் கொஞ்சம் பாட்டில்ல ஊத்தி வெச்சுப்பாங்க. நான் சொம்பைக் கழுவித் தொடைச்சு உள்ள வெச்சிருவேன். வெரிசல் எங்கன்னு மாமி தேடித் தேடிப் பாத்தாங்க சார், ஒண்ணுமே இல்ல. சாருக்கு மனசு வரல, பாவம், ஆசையா வெச்சிருக்காரு, தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னாங்க."

"நீ குடிச்சியா?" என்றேன்.

"நானா? எனக்கு ரசமே ஆகாது சார். நான் கொழம்புக்காரி." பயந்துகொண்டே சிரித்தாள். "ஏன் சார், மாமி திட்டுவாங்களா, நீங்க திட்டுவீங்களா?"

நான் திட்டவில்லை. சூடான ரசத்தைத் தொட்டியில் கொட்டினேன். பாதி என் மேல் விழுந்தது.

நிறுத்திய பிறகு அவள் தேறினாள். பிறகு மறுபடி குடித்தாள், மறுபடி மோசமானாள். ஓட்டை தர்க்கத்தில் இல்லை. காரணத்தைச் சொல்லாமல் பூட்டினேன், அதுதான்.

ஜூலை 15

செல்லக்கிளியின் மகனை வரச்சொல்லித் தராசை இறக்கினேன். காற்றில் ஒரு எடை, நீரில் ஒரு எடை. அதே பழைய பாடம். நல்ல வெள்ளீயத்துக்கு ஏழேகால் வர வேண்டும். சுத்தக் காரீயம் பதினொன்றுக்கு மேல். ஒன்பது வந்தது. மூன்று முறை செய்தேன். ஒன்பது.

பாதிக்குப் பாதி. அந்த முத்திரை தட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். கன்னார் ஒருவர் உடைந்த தட்டின் அடிப்பகுதியை முத்திரையோடு அப்படியே வைத்து, மீதிக்கு மீன்வலைக் குண்டோ எதுவோ கையில் கிடைத்த ஈயத்தையெல்லாம் போட்டு வார்த்திருக்கலாம். எந்த முத்திரையைப் பார்த்து வாங்கினேனோ அதுவே எச்சரிக்கை. தெரிந்துகொள்ள அரை மணி நேரம்தான் ஆயிற்று.

நாளை காலை டாக்டரிடம் போய்ச் சொல்வேன். வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன்: அந்தச் சொம்பு வெள்ளீயம் அல்ல.

ஜூலை 16

காலை ஆறு மணிக்கு அபயத்துக்கு வலிப்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி.

ஜூலை 18

சொன்னேன்.

தஞ்சாவூர் டாக்டர் ஒரு இளம்பெண். வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டார். எழுதி வைத்த வாக்கியம் வரவில்லை. "ஈயச்சொம்பில் ரசம்" என்று ஆரம்பித்தேன். "அது பரவாயில்ல சார், அது வெள்ளீயம்" என்று இவரும் சொன்னார். ஒரு வினாடி, மறுபடியும் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்லை. பாதி காரீயம். நான் அளந்தேன்."

நின்றுவிட்டார். "எப்ப அளந்தீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை."

"எத்தனை நாளா சாப்பிடுறாங்க?"

"பொங்கலிலிருந்து."

உள்ளே வேகமாகப் போனார். இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வருவதற்குக் காத்திராமல், ஈயத்தை இரத்தத்திலிருந்து இழுக்கும் ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூலை 21

வசு நேற்று வந்தாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏப்ரல்லயே டாக்டர் கேட்டாராப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள்.

இரத்த முடிவு வந்தது. டாக்டர் எண்ணைச் சொன்னார். நான் திருப்பிக் கேட்கவில்லை, முதல் தடவையே கேட்டது.

ஜூலை 26

அபயம் இன்று தெளிவாக இருந்தாள். வசு குளிக்கப் போயிருந்தாள். அருகில் போய் உட்கார்ந்தேன். காதுக் கருவியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது தவறக் கூடாது என்று.

"வசு சொன்னா, சொம்புதானாமே" என்றாள்.

"ஆமாம், அபயம்."

"நீங்க என்ன பண்ணுவேள்! நான்னா சொன்னேன்."

"என்ன சொன்னே?"

சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு அது அழவே இல்லன்னா. நீங்க வளைச்சேள், கேட்டுதாங்கறேள். உங்களுக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரியும். மொத நாள் கிணத்தடியில கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பவே இல்லியே நீங்க. எனக்குங் கேக்கலன்னு சொன்னா மறுபடி மறுபடி வளைச்சுண்டு நிப்பேள். மூஞ்சி சுருங்கிடும். நீங்க இத்தனை வருஷம் பாத்து வெச்சிருக்கற பாத்திரம், கண்ணு பாத்திருக்கும், காதுக்குத்தானே சங்கடம்னு நினைச்சேன்."

"டாக்டர் கேட்டபோதாவது..."

"அவர் கேட்டப்போ நீங்கதான் ஆமாம்னேளே. அப்பறமா தராசுல போட்டுப் பாத்திருப்பேள்னு நினைச்சுண்டேன்."

அவள் கேட்டது என்று சொன்னதை நான் நம்பினேன். நான் ஆமாம் என்று சொன்னதை அவள் நம்பினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சொம்பு ஒரு சத்தமும் போடாமல் இருந்திருக்கிறது.

"கோவமா?" என்றாள். என்னைப் பார்த்து அவள் கேட்டாள்.

ஆகஸ்ட் 11

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. பாலத்தில் காரை நிறுத்தி வசு காட்டினாள். அபயம் பார்த்தாள், எதை என்று தெரியவில்லை. வலது கை எழவில்லை. ஊசி இரத்தத்தில் இருந்ததை எடுத்துவிட்டது, எலும்பிலும் மூளையிலும் சேர்ந்தது அவ்வளவு சுலபமாக வராது, இந்த வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்த டாக்டர் சொன்னார். அவர் என்னிடம் கடைசி வரையில் கடுமையாக ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 19

வசு சொம்பைக் காவிரியில் எறிகிறேன் என்று எடுத்துவிட்டாள். தண்ணீரில் போடக் கூடாது, கரையும் என்றேன்.

"இப்ப மட்டும் எல்லாம் தெரியறது" என்றாள்.

பழைய இரும்புக்காரனிடம் போட்டால் உருக்கி இன்னொரு வீட்டுக்குப் பாத்திரமாகப் போகும். புதைத்தால் மண்ணில் இறங்கும். கோணியில் சுற்றி, "விஷம்" என்று எழுதிக் கட்டி, அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். தட்டுகள், குவளைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஜூலையில் துடைத்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. மங்கிப்போனால் மங்கட்டும்.

ஆகஸ்ட் 30

வசு ஊருக்குப் போனாள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். போகும்போது என் காலைத் தொட்டாள். விடை பெற்றது அம்மாவிடம் மட்டும்.

செப்டம்பர் 8

காலையில் அபயத்துக்குப் பல் தேய்த்துவிடுகிறேன். ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு. கஞ்சி ஊட்டுகிறேன். செல்லக்கிளி குளிப்பாட்டுகிறாள். அபயம் சில நாள் என்னை அண்ணா என்கிறாள், சில நாள் சார் என்கிறாள். நேற்று ரசம் கேட்டாள். செல்லக்கிளியைக் கேட்டுக் கேட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் நான் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தித்திப்பே இல்லையே" என்றாள்.

செப்டம்பர் 23

மழை. மாடியில் காக்கைகள் கரைகின்றன. கருவியைப் போட்டுக்கொண்டால் இவ்வளவு சத்தம். குறையவே இல்லை அவை.

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது அவளுடைய கல்யாணச் சொம்பு உருகிய நாக்கு கிடைத்தது. இன்னும் வெள்ளி போல இருக்கிறது. விரலால் லேசாக வளைத்தேன். கிறீச்சென்றது. பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் காதால் கேட்டேன். ஜனவரியில் ஒரு நாள், ஒரு நிமிஷம், இந்தக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தால் போதும்.

அவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. அவள் அம்மா கொடுத்த ஈயம், இது அவளை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவா? கட்டிலருகில் போனேன். ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். நாக்கை இரண்டு கையாலும் பிடித்து அவள் காதருகில் கொண்டுபோனேன்.

"அபயம், கேக்கறதா?" என்றேன்.

திரும்பினாள். ஈயத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள், கொஞ்ச நேரம், அன்று பார்த்தது போலவே.

"கேக்கறதே" என்றாள். "நன்னா அழறது."

நான் இன்னும் அதை வளைக்கவே இல்லை.